கொண்டல் திரும்பிய செவ்வாய்க்கிழமை

பசுவந்தனை சொர்ணத்தாய் கப்பலில் போய்விட்டு வந்தாள் என்றால் ஊரில் பாதிப் பேர் இன்னும் நம்புவதில்லை. நம்புகிற மீதிப் பேருக்கும் கப்பல் முக்கியமில்லை. நடுக்கடலில் நின்றுகொண்டு அவள் தன் வாயாலேயே சொன்ன ஒரு விஷயம்தான் முக்கியம். அதைச் சொல்லாமல் இருந்திருந்தால் அவள் பேர் கெட்டிருக்காது. நிலம்தான் போயிருக்கும்.

அவளுக்கு வயது ஐம்பத்து நாலு. ஊருக்கு மேற்கே ஆறு ஏக்கர் கரிசல், பதினாலு வெள்ளாடு. புருஷன் சாமித்துரை போய்ச் சேர்ந்து ஏழு வருடம் ஆகிறது. ஒரே மகன் மணிராஜ், சென்னையில் மோட்டார் சைக்கிள் உதிரிபாகம் விற்கிற கம்பெனியில் வேலை பார்க்கிறான். இந்த வருடம் அதிகம் விற்ற பத்துப் பேருக்குக் கம்பெனி இரண்டு ராத்திரிக் கப்பல் பயணத்தைப் பரிசாகக் கொடுத்தது. துணைக்கு ஒரு ஆளைக் கூட்டி வரலாம். மற்ற ஒன்பது பேரும் பெண்டாட்டியைக் கூட்டிக்கொண்டு வந்தார்கள். மணிராஜுக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லை, அதனால் அம்மாவைக் கூப்பிட்டான்.

கூப்பிட்ட நேரம்தான் சரியில்லை. புரட்டாசி கடைசி வாரம். அந்த வாரத்தில் கரிசல்காட்டுச் சம்சாரியைச் சொர்க்கத்துக்குக் கூப்பிட்டாலும் விதைப்பு முடியட்டும் என்றுதான் சொல்வான். மற்ற மண்ணில் மழை பெய்த பிறகு ஈரத்தில் விதைப்பார்கள். கரிசலில் அது நடக்காது. ஒரு நல்ல மழை விழுந்தால் மண் களியாகிவிடும். செருப்போடு சேர்த்துக் காலைப் பிடித்துக்கொள்ளும். பத்து நாளைக்கு டிராக்டர் இறங்காது. அதனால் மழைக்கு முன்பே காய்ந்த புழுதியில் விதையைப் போட்டுவிட்டு வானத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டும். ரொம்ப முந்திப் போட்டால் எறும்பும் புறாவும் தின்றுவிடும், இல்லாவிட்டால் ஒரு தூறலுக்கு முளைத்துக் கருகிவிடும். பிந்தினால் ஒன்றுமே இல்லை. நாலைந்து நாளுக்குள்ளேதான் ஒரு வருடத்துப் பிழைப்பு கிடக்கிறது.

இரண்டு வருடத்துக்கு முன்னால் அவள் அப்படிப் பிந்தினாள். சரியாகச் சொன்னால், பிந்த வைத்தது அவள் கொழுந்தன் சுந்தரபாண்டி. தாலி இல்லாத பொம்பளை முதல் விதையைத் தொடக் கூடாது என்று அந்தப் பக்கத்தில் ஒரு சட்டம் உண்டு. அவள் எரு சுமக்கலாம், களை வெட்டலாம், கதிர் அறுக்கலாம். முதல் கைப்பிடி மட்டும் ஆகாது. அந்தச் சட்டத்தைப் போட்ட மகராசன் ஒரு நாளாவது குனிந்து களை வெட்டியிருக்க மாட்டான். சாமித்துரைக்குப் பிறகு அந்த உரிமை சுந்தரபாண்டிக்குப் போனது. அவர் நாள் பார்த்து, நட்சத்திரம் பார்த்து, ஐந்து நாளைத் தள்ளினார். மூன்றாம் நாளே மழை கொட்டிவிட்டது. பிந்தி விதைத்த பாசிப்பயறும் உளுந்தும் பனியில் பூ உதிர்ந்து, குத்துச்செடியாக நின்று, கடைசியில் ஆட்டுக்குத்தான் ஆனது. போன வருடம் மழையே இல்லை.

"இந்த ஒரு வருசம் பாப்போம்மா. இதுவும் போச்சுன்னா பேசாம சோலாருக்கு விட்ருவோம். குத்தகை வந்துட்டு இருக்கும், நீயும் எங்கூட வந்து இருந்துக்கிடலாம்" என்று மணிராஜ் சித்திரையிலேயே சொல்லிவிட்டான். அவள் காட்டுக்குத் தெற்கேயும் மேற்கேயும் ஏற்கனவே கண்ணாடிப் பலகையாகத்தான் கிடக்கிறது. சொர்ணத்தாயும் சரி என்றாள். மகன் சொன்னதில் தப்பும் இல்லை.

இந்த வருடம் சுந்தரபாண்டி குறித்துக் கொடுத்த நாள் வெள்ளிக்கிழமை. கப்பல் திங்கள் சாயங்காலம் கிளம்பி புதன் காலையில் திரும்பிவிடும், வியாழன் விடியும்போது கோவில்பட்டியில் இறங்கிவிடலாம். ஞாயிறு வரைக்கும் மழை இல்லை என்று மணிராஜின் போனும் சொன்னது. விதை மூட்டையையும் ஆட்டையும் பக்கத்து வீட்டு வெயிலம்மாளிடம் ஒப்படைத்துவிட்டுச் சொர்ணத்தாய் ரயில் ஏறினாள். வெயிலம்மாளும் இவளைப் போலப் புருஷனைப் பறிகொடுத்தவள். இருவருக்கும் முப்பது வருடச் சேர்க்கை.

துறைமுகத்தில் ஒரு பெரிய வெள்ளைக் கட்டடம் நின்றது. சொர்ணத்தாய் அதைச் சுற்றி எட்டி எட்டிப் பார்த்தாள்.

"என்னம்மா தேடுத?"

"கப்பல எங்கன நிறுத்தியிருக்காங்க?"

"நீ பாக்கியே, இதுதாம்மா கப்பல்."

பதினோரு மாடி. வந்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. உள்ளே இன்னும் பெயிண்ட் வாசம் போகவில்லை, சில நாற்காலிக் கால்களில் பிளாஸ்டிக் உறையைக்கூடப் பிரிக்கவில்லை. கண்ணாடி லிப்ட் ஒன்று எல்லார் கண்ணுக்கும் தெரிய ஏறி இறங்கியது. தரையில் மிதிக்க யோசித்து அவள் செருப்பைக் கழற்றிக் கையில் எடுக்க, மணிராஜ் கெஞ்சிப் போட வைத்தான். ஏறியவுடனே எல்லாரையும் நிறுத்தி வைத்து ஆரஞ்சு நிறச் சட்டையை எப்படி மாட்டுவது, எந்தப் படகில் ஏறுவது என்று பாடம் நடத்தினார்கள். விருந்துக்குக் கூப்பிட்டுவிட்டு முதல் வேலையாக முழுகினால் என்ன செய்ய வேண்டும் என்று சொல்லிக்கொடுக்கிற இடத்தை அவள் அன்றைக்குத்தான் பார்த்தாள்.

பார்த்தது எல்லாவற்றையும் அவள் மனசுக்குள் வெயிலம்மாளுக்குச் சொல்லிக்கொண்டே போனாள். அறை சின்னது, ஆனால் படுக்கை மெத்தையில் குறையில்லை. கக்கூஸில் பொத்தானை அமுக்கினால் புலி உறுமுகிற மாதிரி ஒரு சத்தம். சாப்பாட்டுக் கூடத்தில் நாற்பது ஐம்பது வகை. அள்ளி அள்ளி வைத்துக்கொண்டு பாதியைத் தட்டோடு விட்டுவிட்டுப் போனார்கள், அத்தனையும் வீணாகப் போவதைப் பார்க்க அவளுக்கு வயிறு எரிந்தது. சுற்றிலும் கண்ணுக்கெட்டிய மட்டும் தண்ணீர் கிடக்க, மாடியில் ஒரு தொட்டி கட்டி அதில் வேறு தண்ணீர் நிரப்பி, அதற்குள் குதித்தார்கள். குறை சொல்லிக்கொண்டே வந்தாலும் உள்ளுக்குள் அவளுக்குச் சந்தோஷம்தான். அன்று ராத்திரி அசந்து தூங்கினாள். பல வருடத்தில் அப்படித் தூங்கியதில்லை.

செவ்வாய்க்கிழமை விடிந்ததும் மேல்தளத்துக்கு ஏறிப் போனாள். கரை கிடையாது, மரம் கிடையாது. கோடை உழவு முடிந்த கரிசல் மாதிரி கடல் நாலாபக்கமும் விரிந்து கிடந்தது. கப்பலின் முன்பக்கம் போய்க் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றவளுக்கு நேர் எதிரே சூரியன் கிளம்பிக்கொண்டிருந்தது. முகத்தில் காற்று வந்து மோதியது.

கிழக்கே இருந்து வருகிற காற்று. கொண்டல். நாலு மாதமாக மேற்கே இருந்து அடித்துப் புழுதியைக் கிளப்புகிற மேகாற்று நின்று, கொண்டல் திரும்பினால் மழை வாசலுக்கு வந்துவிட்டது என்று அர்த்தம். சில வருடம் நாலு நாளில் வரும், சில வருடம் ஒரே நாளில் வரும்.

விழுந்தடித்துக் கீழே ஓடி மணிராஜை எழுப்பினாள். அவன் கண்ணைத் திறக்காமலே சிரித்தான்.

"அது கப்பல் ஓடுத காத்தும்மா. பஸ்ஸுல முன் சீட்டுல உக்காந்தா மூஞ்சில அடிக்கும்லா, அந்த மாதிரி. போய் காபி குடி."

அவளுக்கு வெட்கமாகப் போய்விட்டது. உண்மைதானே, ஓடுகிற வண்டியில் உட்கார்ந்துகொண்டு காற்றுப் பார்க்கிறவளை என்ன சொல்வது? காபி குடித்தாள். இரண்டாவது காபியும் குடித்தாள். ஆனால் மனசு அடங்கவில்லை, மறுபடியும் மேலே போனாள்.

எட்டு மணி வாக்கில் கப்பல் பெரிதாக ஒரு வட்டம் அடித்துத் திரும்பியது. இப்போது சூரியன் அவள் முதுகுக்குப் பின்னால் போனது. அதே கம்பி, அதே முன்பக்கம். ஆனால் முகத்தில் காற்று இல்லை. கொடி துவண்டு தொங்கியது. காலையில் பின்பக்கமாக நீண்டு போய்க்கொண்டிருந்த புகைபோக்கிப் புகை இப்போது நேரே எழும்பி அங்கேயே நின்றது. கப்பல் காற்று என்றால் எந்தப் பக்கம் ஓடினாலும் முகத்தில்தானே அடிக்க வேண்டும்? கப்பல் ஓடுகிற அதே வேகத்தில் பின்னாலிருந்து இன்னொரு காற்று துரத்திக்கொண்டு வந்தால்தான் இப்படி ஓய்ந்து நிற்கும்.

அங்கே ஒரு ஆள் தளத்தைக் கழுவிக்கொண்டிருந்தார். சட்டையில் பெயர் இருந்தது, அவளுக்கு அந்த எழுத்து தெரியாது. ஆனால் அவர் வாளியைத் திட்டிய பேச்சு நம்ம பக்கத்துப் பேச்சாக இருந்தது. கேட்டதும் சொன்னார், பெயர் இசக்கிபாண்டி, ஊர் வேம்பார் பக்கம். இருபது வருடமாகக் கப்பல் கப்பலாக மாறி வேலை பார்க்கிறார்.

"அண்ணாச்சி, இப்ப அடிக்கது எந்தக் காத்து?"

அவர் அண்ணாந்து மேகத்தைப் பார்த்தார். "நேத்து ராத்திரியே கொண்டல் திரும்பிட்டும்மா. கப்பல் நின்னாலும் இதே காத்துதான்."

"மழை எப்ப எறங்கும்?"

"அதுக்கு நான் ஜவாப் சொன்னா நாளைக்கு நீங்க என்னய ஏசுவீங்க." சொல்லிவிட்டு அவர் தண்ணீரை ஊற்றினார். கிழக்கே அடிவானத்தில் சாம்பல் நிறத்தில் ஒன்று படுத்துக் கிடந்தது. அதை அவர் காட்டவில்லை, அவளாகவே பார்த்துக்கொண்டாள்.

மணிராஜ் தன் மேலாளர் ஹரிகிருஷ்ணன் குடும்பத்தோடு உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தான். சொர்ணத்தாய் அவனைத் தனியே கூப்பிட்டாள். ஊருக்குப் பேச வேண்டும். இன்றைக்கே விதைக்க வேண்டும். அவன் போனைக் காட்டினான், நேற்றிலிருந்து ஒரு கோடுகூட இல்லை.

"நாளைக்குக் காலையில கரைக்குப் போனதும் பேசலாம்மா."

"நாளைக்குத் தங்கப்பாண்டி டிராக்டர் நாகலாபுரம் போயிரும். கொண்டல் அடிக்குன்னு தெரிஞ்சா சுத்துப்பட்டியில ஒரு டிராக்டர் கெடைக்காது. இன்னைக்கு மத்தியானம் வரைக்கும்தான் அவன் ஊர்ல இருப்பான்."

"போன்ல ஞாயித்துக்கிழமை வரைக்கும் மழை இல்லன்னு போட்டிருக்கு. நீ சொல்லுததக் கேட்டு வெதச்சு, மழை வரலன்னா? எறும்பு தின்னுட்டுப் போறதுக்கா?"

அதே பயம்தான் அவளுக்கும். ஒரு மூட்டை விதைகூட மிச்சம் கிடையாது, மறு விதைப்புக்கு வழியில்லை.

"விடும்மா. வெளையலன்னா சோலாருக்கு விடுததுன்னு பேசியாச்சுல்லா. மூணு நாளாவது நிம்மதியா இருன்னுதான் ஒன்னயக் கூட்டிட்டு வந்தேன்."

"தோத்தா விடுதேன்னுதான் சொன்னேன். வெதைக்காமயே தோக்கச் சொல்லுதியால?"

மணிராஜ் கவுண்டருக்குப் போய் வரிசையில் நின்று, கப்பலின் இன்டர்நெட்டை வாங்கிக்கொண்டு வந்தான். அப்போது மணி பத்தே கால்.

வெயிலம்மாளிடம் இருப்பது பொத்தான் போன். வாட்ஸப்பில் பிடிக்க வேண்டுமென்றால் தங்கப்பாண்டியைத்தான் பிடிக்க வேண்டும். டிராக்டரும் அவனுடையது, வாயும் அவனுடையது. அவன் காதில் ஒன்று விழுந்தால் சாயங்காலத்துக்குள் பசுவந்தனை முழுக்க விழுந்துவிடும். இரண்டு முறை மணி அடித்து அடித்து நின்றது. மூன்றாவது முறை எடுத்தான்.

"ஏலே மணிராஜு, கப்பல்ல இருந்தா பேசுத? வீடியோவப் போடு, பாப்போம்."

"அண்ணே, அதெல்லாம் பொறவு. வெயிலம்மா அத்தை வீட்டுக்குப் போய் போனக் குடுங்க. அம்மா பேசணுமாம்."

அவன் வண்டியை எடுத்துப் போவதற்குள் லைன் அறுந்துவிட்டது. மறுபடியும் போட்டார்கள். சுற்றிக்கொண்டே இருந்தது. அவர்கள் நின்ற மாடிப்படிக்குப் பக்கத்தில் ஒருவன் பியானோ வாசித்துக்கொண்டிருந்தான். சொர்ணத்தாய்க்கு அவனைப் பிடித்துக் கடலில் தள்ளலாம் போல இருந்தது. பத்தே முக்காலுக்கு வெயிலம்மாள் குரல் கேட்டது.

"ஏட்டி சொர்ணம், நல்லாருக்கியா? சோறு கெடைக்கா?"

"அங்கன காத்து எப்படியிருக்கு, அதச் சொல்லு."

"மேகாத்து நேத்தே நின்னுபோச்சு. புழுக்கம் தாங்கல. ஒன் ஆடு ஒண்ணுகூட மேயல, அம்புட்டும் கெழக்க பாத்து மூக்கத் தூக்கிட்டு நிக்கி."

மணிராஜ் போனை ஸ்பீக்கரில் வைத்திருந்தான். சொர்ணத்தாய் அவன் முகத்தைப் பார்த்தாள். அவன் இப்போது சிரிக்கவில்லை.

"தங்கப்பாண்டி, இப்பமே கொழுவப் பூட்டி எங்காட்டுக்குப் போ. மத்தியானத்துக்குள்ள வெதச்சு முடிச்சிரு."

தங்கப்பாண்டி தயங்கினான். இன்னொரு போனில் யாரிடமோ பேசிவிட்டுத் திரும்பி வந்தான். "அக்கா, ஒழவு எனக்குப் பிரச்சினையில்ல. மொத வெத யாரு போடுதது? சுந்தரபாண்டி அண்ணாச்சி கழுகுமலையில சொந்தக்காரங்க விசேஷத்துல இருக்காக. இந்தா, இன்னொரு போன்ல கேட்டுட்டேன். செவ்வாக்கிழமை எவனாவது வெதையத் தொடுவானா, வெள்ளிக்கிழமைக்கு வாரேன்னு சொல்லிட்டு வச்சுட்டாக. அவிய கை படாம நான் கொழுவ எறக்குனா, நாளைக்கு வெளையலன்னா என் வண்டியத்தான் சொல்லுவாக."

"வெயிலு போடுவா."

"நானா?" வெயிலம்மாள் குரல் இறங்கிவிட்டது. "நான் எப்படிட்டி போடுவேன்? நானும் ஒன்ன மாதிரி ஆளுதான. எங்கை பட்டு ஒங்காடு வெளங்காமப் போனா அந்தப் பாவத்த நான் எங்க கொண்டு போவேன்?"

பியானோ மட்டும் கேட்டது. சொர்ணத்தாய் கண்ணை மூடித் திறந்தாள். தங்கப்பாண்டி கேட்டுக்கொண்டிருக்கிறான் என்று அவளுக்குத் தெரியும். மகன் பக்கத்தில் நிற்கிறான் என்றும் தெரியும்.

"வெயிலு, நல்லாக் கேளு. தங்கப்பாண்டி, நீயும் கேட்டுக்கோ. ஏழு வருசமா அந்தக் காட்டுல மொத வெத போடுதது நான்தான்."

"என்னட்டி சொல்லுத?"

"கொழுந்தனாரு எட்டு மணிக்கு வருவாரு. நான் அதுக்கு முன்ன, விடியுததுக்குள்ள போய், சனி மூலையில ஒரு கை அள்ளிப் போட்டு, பெருவெரலால மண்ணத் தள்ளி மூடிட்டு வந்துருவேன். ஒரு வருசம் விடல. அந்த மண்ணுல முப்பது வருசம் கெடந்து சாவுதவ நான். எங்கைய வேண்டாம்னு சொல்ல அது யாரு?"

அங்கே தங்கப்பாண்டி தொண்டையைக் கனைத்தான். அவன் லேசில் விடுகிற ஆள் இல்லை. "அப்ப ரெண்டு வருசத்துக்கு முன்ன வெளங்காமப் போச்சே, அதுவும் ஒங்க கைதானாக்கா?"

இந்தக் கேள்வி வரும் என்று அவள் எதிர்பார்க்கவில்லை. ஆமாம் என்று சொன்னால் ஊர் முழுக்க அதைத்தான் சொல்லும், அறுதலி கை பட்டதால்தான் பயிர் போனது என்று. இல்லை என்று சொன்னால் இத்தனையும் பொய்யாகிவிடும்.

"அதுவும் எங்கைதான். நல்லா வெளஞ்ச அஞ்சு வருசமும் எங்கைதான். மழையில்லாமப் போன வருசமும் எங்கைதான். கையில ஒண்ணும் இல்ல தம்பி. மழைக்கு முன்ன போட்டா வெளையும், பின்ன போட்டா வெளையாது. இப்ப எந்திச்சுப் போறியா, இல்ல எல்லாத்தையும் பேசித் தீத்துட்டுப் போறியா?"

பதில் வருவதற்குள் லைன் அறுந்துவிட்டது. மணிராஜ் பன்னிரண்டு முறை போட்டுப் பார்த்தான். போகவில்லை. அதற்குப் பிறகு கப்பலில் என்ன நடந்தது என்று கேட்டால் அவளுக்கு ஞாபகம் இல்லை. மேடையில் ஒருவன் பெட்டிக்குள் ஒரு பெண்ணை வைத்து இரண்டாக அறுத்தான் என்று மட்டும் சொல்வாள்.

சாயங்காலம் இருவரும் தளத்தில் உட்கார்ந்திருந்தார்கள். மணிராஜ் கேட்டான்.

"வருசா வருசம் சித்தப்பாவுக்குக் கைராசின்னு நான் வேட்டி எடுத்துக் குடுத்துட்டு இருக்கேன். எங்கிட்டகூட ஏம்மா சொல்லல?"

"சொல்லியிருந்தா நீ என்னல சொல்லியிருப்ப?"

மணிராஜ் யோசித்தான். வேண்டாம்மா என்றுதான் சொல்லியிருப்பான். அது அவனுக்கே தெரிந்ததால் தலையைக் குனிந்துகொண்டான். அவளுக்கு அவன் மேல் கோபம் வரவில்லை. கொஞ்சம் வருத்தம் இருந்தது, அதை அவள் மறைக்கவும் இல்லை.

புதன் காலையில் கரை வந்ததும் முதலில் வந்தது வெயிலம்மாள் பொத்தான் போன்தான். ஆறு ஏக்கரும் முடிந்தது. முதல் கைப்பிடியை வெயிலம்மாளே போட்டாள், செவ்வாய் மத்தியானம் ஒன்றரைக்கெல்லாம் விதைப்பு முடிந்து கொழு ஏறிவிட்டது. மழை இன்னும் இல்லை. மழை இன்னும் இல்லை என்ற அந்த மூன்று வார்த்தையைச் சொர்ணத்தாய் அன்று பூராவும் ரயிலிலும் சுமந்துகொண்டு வந்தாள். விழுப்புரம் தாண்டியும் வானம் வெறுமையாக இருந்தது. திருச்சியில் நட்சத்திரம் தெரிந்தது. விதையை எறும்புக்குப் போட்டுவிட்டோம் என்றே முடிவு கட்டிவிட்டாள். மதுரை தாண்டிய பிறகு ஜன்னல் கம்பியில் ஈரம் தட்டியது. சாத்தூரில் ரயில் நின்றபோது கூரையில் மழை கொட்டுகிற சத்தத்தில் மணிராஜ் எழுந்து உட்கார்ந்துவிட்டான். அவள் ஏற்கனவே எழுந்துதான் இருந்தாள். அழுதுகொண்டும் இருந்தாள்.

வியாழக்கிழமை ஊரில் எவர் காட்டிலும் கால் வைக்க முடியவில்லை. சுந்தரபாண்டி குறித்த அதே வெள்ளிக்கிழமைக்குக் காத்திருந்த பதினேழு வீட்டுக்காரர்கள் காட்டுக்கரையில் நின்று களியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஐந்தாம் நாள் சொர்ணத்தாய் காட்டில் பாசி வரிசையாக இரட்டை இலை விட்டிருந்தது. அன்றைக்குத்தான் சுந்தரபாண்டி வந்தார். வேலிப் பக்கம் நின்று, முளைப்பையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். ஊர் என்ன பேசுகிறது என்று அவர் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இல்லை, ஊருக்கு வந்த நாளிலிருந்து அவள் தண்ணீர் எடுக்கப் போகிற இடத்திலெல்லாம் பேச்சு நின்று நின்றுதான் தொடங்கியது.

"மதினி, செத்துப்போன எங்கண்ணன் காடு இது. அதுக்காகச் சொல்லுதேன். அடுத்த வருசம் மொத வெதைக்கு நான் வரணுமா, வேண்டாமா?"

சொர்ணத்தாய் குனிந்து ஒரு களையைப் பிடுங்கினாள். கோபமாகப் பேசத்தான் ஏழு வருடமாக வார்த்தை சேர்த்து வைத்திருந்தாள். அவர் நின்ற நிலையைப் பார்த்ததும் அத்தனையும் வேண்டியதில்லை என்று தோன்றிவிட்டது.

"வாங்க தம்பி. நானும் வெயிலும் வெதச்சு முடிச்சதும் சொல்லி விடுதோம். எல்லாரும் சேந்து சாப்பிடுவோம்."